காதலை எழுதிய இரண்டாவது கை

காதல் கதை எழுதுகிறவர்களிடம் வாசகர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தப் பெண் யார்? எழுதியவர் பெண்ணாக இருந்தால், அந்த ஆண் யார்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இலக்கிய வரலாற்றாசிரியர்களும் வேறு சொற்களில் இதையேதான் கேட்கிறார்கள். எழுத்தாளரின் இளமையைத் துழாவுகிறார்கள், கடிதங்களைப் புரட்டுகிறார்கள், கதைத் தலைவியின் முகத்துக்கு ஊரில் ஒரு முகவரி தேடுகிறார்கள். காதல் எழுத்து ஒருவரின் மனத்துக்குள் தனியே ஊறி, தனியே வெளிவருவது என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கக் கடலூர் மாவட்டம் நல்ல இடம். சிதம்பரம் சார்ந்து இரண்டு எழுத்துகள், கடலூர் சார்ந்து ஒன்று. ஒன்று மாணிக்கவாசகரின் திருக்கோவையார். மற்றொன்று, வாழ்வின் பிற்பாதியைச் சிதம்பரத்தில் கழித்த மௌனியின் சிறுகதைகள். மூன்றாவது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. காலத்தாலும் வடிவத்தாலும் நோக்கத்தாலும் இவை ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஆனால் எப்படி உருவாயின என்று பார்த்தால் மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எழுதியவரின் கையோடு இன்னொரு கை சேர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் அது படியெடுப்பவரின் கை, அடுத்ததில் பத்திரிகை ஆசிரியரின் கை, மூன்றாவதில் வாசகரின் கை. காதலை யார் உணர்ந்தார் என்ற கேள்வியைவிட, அந்தக் கை யாருடையது என்ற கேள்வி அந்த எழுத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

படியில் கிடந்த சுவடி

திருக்கோவையாரின் பிறப்பைப் பற்றித் திருவாதவூரரான மாணிக்கவாசகரின் வரலாறு சொல்லும் கதை சைவர்கள் எல்லோரும் அறிந்தது. தில்லையில், அதாவது சிதம்பரத்தில், மாணிக்கவாசகரிடம் ஓர் அந்தணர் வருகிறார். அவர் பாடிய திருவாசகத்தைச் சொல்லச் சொல்லி ஏட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு, பாவை பாடியவரைக் கோவையும் பாடும்படி கேட்டு அதையும் எழுதிக்கொண்டு மறைகிறார். மறுநாள் அந்தச் சுவடி சிற்றம்பலத்தின் வாயிற்படியில் கிடக்கிறது. வாதவூரர் சொல்ல, திருச்சிற்றம்பலமுடையான் எழுதியது என்று அதில் கைச்சாத்து. பொருள் கேட்ட தில்லைவாழ் அந்தணர்களை அழைத்துச் சென்று, கூத்தனே இதன் பொருள் என்று காட்டி மாணிக்கவாசகர் ஒளியில் கலக்கிறார்.

இதைப் பக்தி வரலாறாகப் படிப்பது ஒரு வழி. நூல் உருவாகும் முறை பற்றிய கதையாகவும் படிக்கலாம். அப்படிப் படித்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. காதல் நூலைக் கவிஞர் தாமாகத் தொடங்கவில்லை, ஒருவர் கேட்டதால் பாடினார். அவர் வாயால் சொன்னார், எழுதிய கை வேறு. நூல் வெளிவந்ததும் அதன் பொருள் என்ன என்ற விவாதம் ஊராரிடம் எழுந்தது. கேட்பவர், எழுதுபவர், விளக்கம் கோருபவர் என மூவரும் கவிஞரைச் சுற்றி நிற்கிறார்கள். கவிஞரின் சொந்தக் காதல் அனுபவம் என்ற பேச்சுக்கே இந்தக் கதையில் இடமில்லை.

அதற்குக் காரணம் நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. திருக்கோவையார் கட்டளைக் கலித்துறையால் ஆன 400 பாடல்கள். இவை 25 அதிகாரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு துறை. அந்தத் துறையில் யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பது வரையறுக்கப்பட்டது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லை. அகத்திணை மரபு விதித்த விலக்கு அது. பெயருள்ளவர் பாட்டுடைத் தலைவரான தில்லைக் கூத்தர் ஒருவரே. ஆக, கவிஞருக்கு முன்பே கதை இருந்தது. அவர் செய்ய வேண்டியது, எல்லோருக்கும் தெரிந்த அடுத்த கட்டத்தை எதிர்பாராத உவமையோடும் ஓசையோடும் நிறைவேற்றுவது.

ஆனாலும் அளவுகளில் கவிஞரின் தேர்வு தெரிகிறது. முதற்பார்வையும் கூடலும் அடங்கிய இயற்கைப் புணர்ச்சிக்கு 18 பாடல்கள். தலைவனைத் தோழி தள்ளி நிறுத்திச் சாக்குச் சொல்லும் சேட்படைக்கு 26. காதலர் ஊரைவிட்டுச் செல்லும் உடன்போக்கு 56 பாடல்களோடு நூலின் மிக நீளமான அதிகாரம். திருமணத்தைப் பேசும் மணம் சிறப்புரைத்தலுக்கு வெறும் 9. அது முடிவதோ 307ஆம் பாடலில். அதன் பின் வரும் 93 பாடல்களும் மணத்துக்குப் பிந்திய பிரிவுகள்: ஓதற்காக, காவலுக்காக, பகை தணிக்க, வேந்தனுக்காக, பொருளுக்காக, கடைசியில் பரத்தைக்காக. அந்தக் கடைசி அதிகாரம் மட்டும் 49 பாடல்கள். இன்றைய காதல் நாவல் பெரும்பாலும் தாலி கட்டும் இடத்தில் முடிகிறது. கோவை அங்கே தொடங்கி இன்னும் கால்பங்கு நூலுக்கு நடக்கிறது.

இந்த நூலில் தோழியின் வேலை கவனிக்க வேண்டியது. காதல் இருவருக்கு இடையில் நடந்தாலும், அதை நடத்திச் செல்வது அவளுடைய பேச்சு. அவள் தடுக்கிறாள், தூது போகிறாள், செவிலியிடம் மறைமுகமாகச் சொல்கிறாள், மணத்தை விரைவுபடுத்துகிறாள். மூன்றாமவர் ஒருவர் இல்லாமல் காதல் கதையாக நகராது என்பதைக் கோவை மரபு தன் அமைப்புக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறது. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை வந்தபோது, துறைகளின் நுட்பத்தைச் சொல்ல இன்னொரு துணைக்கை கிடைத்தது. உரையின் துணையின்றி இன்று இந்நூலை நுழைந்து படிப்பவர் அரிது.

மௌனியும் முதல் வாசகர்களும்

மௌனியைச் சிதம்பரத்துக்காரர் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. எஸ். மணி என்ற இயற்பெயருடைய அவர் 1907இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் 1929இல் கணிதப் பட்டம். படிப்புக்கேற்ற வேலைக்குப் போகவில்லை. இசையிலும் தத்துவத்திலும் ஊறியவர். திருமணத்துக்குப் பின் 14 ஆண்டுகள் கும்பகோணத்திலேயே இருந்தார். குடும்பச் சொத்தையும் தொழிலையும் பார்க்கச் சிதம்பரம் வந்தது அதன் பிறகுதான். 1985இல் அங்கேயே இறந்தார்.

அவர் எழுதியவை மொத்தம் 24 கதைகள், இரண்டு கட்டுரைகள். கதைகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1930களின் பிற்பாதியில், ‘மணிக்கொடி’ இதழின் காலத்தில் வந்தவை. அதாவது சிதம்பர வாசத்துக்கு முந்தியவை. ‘அழியாச்சுடர்’ கதையில் வரும் கோவிலையும் இருட்டையும் சிதம்பர ரகசியத்தோடு முடிச்சுப் போட்டு விளக்கம் சொல்வது எளிது. காலக்கணக்கு அதற்கு இடம் கொடுக்காது. ஊர் தந்த உந்துதல் என்பதைத் தேதி பார்க்காமல் பேசினால் விமரிசனம் தலபுராணமாகிவிடும். சிதம்பரத்தில் இருந்த நீண்ட ஆண்டுகளில் மௌனி எழுதியது மிகக் குறைவு. ‘கசடதபற’ சிற்றிதழில் 1971இல் வந்த ‘தவறு’ அவரது கடைசிக் கதை.

மௌனியின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள் காதல்தான். ஆனால் காதல் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது அவற்றில் அநேகமாக இல்லை. ‘ஏன்?’ கதையில் பள்ளிவிட்டு வீடு திரும்பும் பையன் ஒருவன், சேர்ந்து போகலாமே என்கிறான். அந்தப் பெண்ணின் பார்வையில் அவன் படித்த ஒரு கேள்வி அவன் வாழ்நாளை விழுங்கிவிடுகிறது. ‘அழியாச்சுடர்’ கதையில் இளைஞன் கோவிலில் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து போய், அவளுக்காக எதையும் செய்யக் காத்திருப்பதாக அவள் காதில் படும்படி சொல்கிறான். தூணில் இருக்கும் யாளி அவனை நோக்கி எழுந்ததுபோல் அவனுக்குப் படுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அவளை மறுபடி அதே கோவிலில் பார்க்கிறான். கதையில் நடப்பது இவ்வளவே. ‘பிரபஞ்ச கான’த்தில் இதய பலவீனத்தால் பாடக்கூடாது என்று விலக்கப்பட்ட பெண், தன் கல்யாணத்தில் பாடி உயிர்விடுகிறாள். எதிரில் குடியிருக்கும் ஒருவன் அதைக் கேட்கிறான்.

கோவையோடு வைத்துப் பார்த்தால் மௌனி செய்தது என்ன என்பது தெளிவாகும். 400 துறைகள் கொண்ட தொடரில் ஒரே ஒரு துறையை, காட்சியை, பிய்த்தெடுத்தார். முன்னும் பின்னும் வரும் கட்டங்களை நீக்கினார். தோழியை முற்றாக நீக்கினார். பேசி நடத்திச் செல்ல ஆளில்லாததால் காதல் அந்தக் கணத்திலேயே உறைந்து, நினைவாகிச் சுழல்கிறது. அவருடைய ஆண்களின் தவிப்புக்குப் பாதிக் காரணம் விதி என்றால், மறுபாதி இந்த வடிவம். தூது இல்லாத காதலுக்குத் தற்செயலும் மரணமும் தவிர வேறு முடிவு கிடைப்பதில்லை.

கதைக்குள் இல்லாத அந்தத் துணை, கதைக்கு வெளியே இருந்தது. மணியை எழுதத் தூண்டியவர் ‘மணிக்கொடி’ ஆசிரியர் பி.எஸ். ராமையா. ‘மௌனி’ என்ற புனைபெயரும் அவர் வைத்ததே. மௌனி எழுதிய இரண்டு கட்டுரைகளில் ஒன்றின் தலைப்பே ‘எனக்குப் பெயர் வைத்தவர்’. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பெயரிட்டு, தட்டிக்கொடுத்து, கைப்பிரதியைப் பறித்து அச்சுக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்தப் பிரதிகள் வீட்டிலேயே கிடந்திருக்கும். அடுத்து எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்தவரான அவர் 1940களின் இறுதியில் நடத்திய ‘தேனீ’ இதழில் மௌனியின் கதைகள் வந்தன. மௌனியின் எழுத்தைச் செப்பனிட்டதில் தமக்குப் பங்கு உண்டு என்று அவர் பிற்காலத்தில் சொன்னது சிற்றிதழ் வட்டத்தில் சர்ச்சையானது.

அந்தச் சர்ச்சை இரண்டு பக்கமும் ஒரே அனுமானத்தில் நின்றது. செப்பனிட்டது உண்மையானால் மௌனியின் மதிப்புக் குறையும் என்று இரு தரப்பும் நினைத்தன. அப்படி நினைக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தைச் சீர்செய்தவருக்கு, எந்த வாக்கியத்தை அப்படியே விட வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். மௌனியின் வாக்கியங்கள் இன்றும் இலக்கணப் புத்தகத்தோடு உரசுகின்றன. எழுவாய் ஓரிடத்தில் தொலைந்து வேறிடத்தில் முளைக்கிறது. எந்தக் கை திருத்தியிருந்தாலும், அந்த உரசலைச் சமன்படுத்தாமல் விட்டிருக்கிறது. தன் ரசனையை அடக்கிக்கொண்டு பிறர் எழுத்தைத் திருத்தும் கை எல்லாக் காலத்திலும் அபூர்வம்.

மௌனியின் புகழும் இப்படியே பிறர் கைகளால் கட்டப்பட்டது. சிறுகதையின் திருமூலர் என்று அவரைச் சொன்னவர் புதுமைப்பித்தன். அவரும் 1906இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்தான், வளர்ந்தது வேறு ஊர்களில் என்றாலும். விமரிசகர் க.நா.சு. ஓயாமல் மௌனியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் தொகுதி ‘அழியாச்சுடர்’ 1959இல்தான் வந்தது. 1967இல் வெளிவந்த ‘மௌனி கதைக’ளுக்குத் கவிஞர் தருமு சிவராமூ முன்னுரை எழுதினார். கதைகள் எழுதப்பட்டு முப்பதாண்டு கழிந்த பிறகே அவற்றுக்குரிய வாசகர் கூட்டம் உருவானது என்று சொல்ல வேண்டும்.

ஒரு சிறுகதைக்கு எதிராக ஒரு நாவல்

1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சென்னைக்குப் போன ஜெயகாந்தனைக் காதல் நாவலாசிரியர் என்று அழைத்தால் அவர் ரசித்திருக்க மாட்டார். ஆனால் ஆண், பெண் உறவைத் தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் வைத்து விவாதிக்கச் செய்ததில் அவருக்கு இணையானவர் குறைவு. அவரது நாவல் ஒன்று உருவான விதம் நம் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது.

அவரது ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை 1966இல் ‘ஆனந்த விகட’னில் வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிச் செல்கிறான். கெட்டுப்போனேன் என்று அழுதுகொண்டு வரும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவு பலத்த எதிர்ப்பைக் கிளப்பியது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்ற கேள்வி எழுந்தது. ஜெயகாந்தன் அந்தக் கேள்வியையே மூலப்பொருளாக்கினார். தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இதற்கான பதில்.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். ‘அக்கினிப் பிரவேசம்’ அவர் எழுதிய கதை. அதைப் பத்திரிகையில் படிக்கும் கங்கா, இது என் கதை, ஆனால் என் அம்மா இப்படி நடந்துகொள்ளவில்லையே என்று உணர்கிறாள். வாசகரின் ஆட்சேபம் கதைத் தலைவியின் குரலாகவே மாறிவிட்டது. இதைவிட வெளிப்படையாக வாசகரின் கை ஒரு நாவலுக்குள் நுழைந்த உதாரணம் தமிழில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. தன்னைக் கெடுத்த பிரபுவையே தேடிப்போய் அவனோடு பெயரிட முடியாத ஓர் உறவில் கங்கா விழுவதுதான் நாவலின் காதல் பகுதி. அந்த உறவுக்கான உந்துதல் எழுத்தாளரின் அந்தரங்கத்திலிருந்து வந்ததைவிட, கற்பைப் பற்றி வாசகரோடு அவர் நடத்திய வழக்கிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. கோவையில் தலைவி பேசினாலும் துறை அவளை அளந்து பேசவைத்தது. மௌனியிடம் அவள் ஒரு பார்வையாக, ஒரு பாட்டாக மட்டும் நின்றாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைக் கங்கா தன் வாயாலேயே சொல்கிறாள். வாரப் பத்திரிகையின் வாசகர்களில் பெருந்தொகையினர் பெண்கள். கேள்வி கேட்டவர்களில் பெண்கள் இருந்தபோது பதில் சொல்லும் குரலும் பெண்ணுக்குப் போனது.

மாத நாவலின் கணக்கு

இந்த மூன்று உதாரணங்களையும் கையில் வைத்துக்கொண்டு, திறனாய்வு ஏறிட்டுப் பார்க்காத வெகுஜனக் காதல் நாவலுக்கு வரலாம். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 1960களின் இறுதி முதல் பெருகிய மாத நாவல் இதழ்களும், வார இதழ்களின் தொடர்களும், வாடகை நூலகங்களும் சேர்ந்து இத்தகைய நாவலுக்கு ஒரு சந்தையை உருவாக்கின. இந்த நாவல்களின் மீது சொல்லப்படும் குற்றச்சாட்டு பழகிப்போனது: எல்லாம் ஒரே கதை. மோதலில் தொடங்கும், தப்பெண்ணம் வளரும், உண்மை தெரியும், திருமணம் நிலைக்கும்.

குற்றச்சாட்டு உண்மைதான். ஆனால் கதைப்போக்கு முன்கூட்டியே தெரியும் என்பது குறையானால் திருக்கோவையாரும் அந்தக் குறைக்கு உள்ளாகும். இரண்டிலும் படிப்பவர் அடுத்து என்ன என்று தேடுவதில்லை, தெரிந்த கட்டம் எப்படி நிறைவேறுகிறது என்று பார்க்கிறார். தள்ளிப்போடுதலே இரண்டிலும் சுவை. சேட்படைக்குக் கோவை 26 பாடல் கொடுத்ததுபோல், தொடர்கதை தப்பெண்ணத்துக்கு வாரக்கணக்கில் இடம் கொடுக்கிறது. வேறுபாடு, இடத்தை யார் அளந்து கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. கோவைக்கு அளவு தந்தது இலக்கண மரபு. மாத நாவலுக்கு அளவு தருவது பக்க எண்ணிக்கை. குறித்த பக்கத்துக்குள் கதை முடிய வேண்டும்; முடிவு படிப்பவரைக் கலங்கவைக்கக் கூடாது. அதனால் கோவை துணிந்து எழுதிய அந்தப் பிற்பகுதி, மணத்துக்குப் பின் வரும் 93 பாடல்களின் உலகம், மாத நாவலில் சுருங்கிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு கதை தொடர்ந்தாலும், அது தம்பதியின் பிணக்கு தீரும் வரைதான்.

வெகுஜனக் காதல் நாவலாசிரியரின் உந்துதலைத் தேடுவோர் அவர் மனத்தைவிட இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் அதிகம் கிடைக்கும். எத்தனை பக்கம், எந்த ஆசிரியர், யாருக்கு முதலில் படித்துக் காட்டப்பட்டது, எந்தக் கடிதத்துக்குப் பின் தொடரின் போக்கு மாறியது ஆகியவைதான் தடயங்கள். கைப்பிரதிகளும் ஆசிரியர்களின் கடிதங்களும் பாதுகாக்கப்படாத தமிழ்ச் சூழலில் இந்தத் தடயங்கள் மிக வேகமாக அழிகின்றன. மௌனிக்கே இந்த நிலை என்றால், மாத நாவல் எழுதிய பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தாளரின் சொந்த உணர்வுக்கு மதிப்பில்லை என்பது இதன் பொருளாகாது. மௌனியின் கணங்களை ராமையா எழுதியிருக்க முடியாது, கங்காவின் கசப்பை எந்த வாசகர் கடிதமும் எழுதிவிடவில்லை. ஆனால் உணர்வு எல்லோரிடமும் இருக்கிறது. அது எந்த அளவில், யார் குரலில், எங்கே முடியும் வகையில் எழுத்தாகிறது என்பதைத் தீர்மானிப்பதில் அந்த மற்றொரு கைக்குப் பெரும் பங்கு உண்டு. தலைவியைப் பேசவிடாத கையும் இருந்திருக்கிறது, பேசவைத்த கையும் இருந்திருக்கிறது. ஆகவே காதல் கதை எழுதுகிறவரைச் சந்திக்க வாய்த்தால், அந்தப் பெண் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, முதலில் யாரிடம் படிக்கக் கொடுத்தீர்கள், அவர் எதை மாற்றச் சொன்னார், நீங்கள் எதை மாற்ற மறுத்தீர்கள் என்று கேட்கலாம். அந்த மறுப்பில்தான் எழுத்தாளர் தனியாக நிற்கிறார்.